ஒரு நொடிக்குப் பதினாறு ஆண்டு

சித்திரை மாதத்தில் இரவு பத்து மணி தாண்டியதும் எம்87 என்ற விண்மீன் திரள் மாமல்லபுரத்தின் உச்சிவானைக் கடக்கிறது. உச்சி என்றால் உண்மையாகவே உச்சி. கடற்கரைக் கோயிலின் கலசத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டைவிட்டு எம்87 விலகிச் செல்வது ஒரு முழுநிலவின் அகலம்கூட இல்லை. உத்திர நட்சத்திரத்துக்குக் கிழக்கே, கன்னி ராசிப் பக்கம், வெறும் கண்ணுக்குத் தெரியாமல் நகரும் அந்தத் திரளின் நடுவில் ஒரு கருந்துளை இருக்கிறது. அதன் நிறை 650 கோடி சூரியன்களுக்குச் சமம். தூரம் சுமார் 5.5 கோடி ஒளி ஆண்டு. கருந்துளையின் அருகிலிருந்து பிளாஸ்மா பீறிட்டுக் கிளம்பி, ஏறக்குறைய 5,000 ஒளி ஆண்டு நீளத்துக்கு ஒரே நேராகப் பாய்கிறது. 1918-இல் கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஹீபர் கர்ட்டிஸ் அந்தக் கோட்டை முதன்முதலாகக் கவனித்தார். அது என்ன என்று அவருக்கோ அன்றைய வேறு யாருக்குமோ தெரியாது. இன்று அதைத் தாரை என்கிறோம்.

ஆடி மாதம் வரும்போது, நள்ளிரவுக்குள், அதே உச்சிவானை இன்னொரு கருந்துளை கடக்கிறது. அதன் பெயர் ஜிஆர்எஸ் 1915+105. திருவோண நட்சத்திரத்துக்குச் சற்று மேற்கே, நம்முடைய பால்வீதிக்குள்ளேயே, சுமார் 28,000 ஒளி ஆண்டு தொலைவில் இருக்கிறது. மாமல்லபுரத்தின் உச்சியிலிருந்து இரண்டு பாகைகூட விலகாது. நிறை வெறும் 12 சூரியன்கள். இதுவும் தாரையைப் பீய்ச்சுகிறது. இடையில் அடர்ந்து கிடக்கும் தூசியால் இதைச் சாதாரணத் தொலைநோக்கியில் பார்க்க முடியாது. எக்ஸ் கதிரிலும் அகச்சிவப்பிலும் ரேடியோவிலும்தான் பிடிக்க வேண்டும்.

ஒன்றுக்கு மற்றொன்று 50 கோடி மடங்குக்கு மேல் பெரியது. ஆனால் இரண்டையும் இயக்குவது ஒரே இயற்பியல்தான் என்று நம்புவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்களில் முக்கியமானது அவற்றின் ஒளி துடிக்கும் விதம்.

அளவை முதலில் கண்முன் கொண்டுவருவோம். சுழலாத கருந்துளை என்று வைத்துக்கொண்டால், ஒரு சூரிய நிறைக்கு அதன் நிகழ்வு எல்லையின் ஆரம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். அதற்குள் போனது எதுவும் திரும்பாது. ஜிஆர்எஸ் 1915+105-க்கு அந்த ஆரம் சுமார் 37 கிலோமீட்டர். வரைபடத்தில் செங்கல்பட்டை நடுவாக வைத்து அந்த அளவுக்கு ஒரு வட்டம் போட்டால், கிழக்கே மாமல்லபுரமும் மேற்கே காஞ்சிபுரமும் அதற்குள் அடங்கிவிடும். 12 சூரியன்கள் அந்த வட்டத்துக்குள். எம்87-இன் கருந்துளைக்கோ ஆரம் சுமார் 1,900 கோடி கிலோமீட்டர். சூரியனிலிருந்து நெப்டியூன் இருக்கும் தூரத்தைப் போல நான்கு மடங்கு. செங்கல்பட்டு வட்டத்தைக் குறுக்கே கடக்க ஒளிக்கு ஒரு நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு போதும். எம்87-இன் கருந்துளையைக் கடக்க ஒன்றரை நாள் வேண்டும்.

இந்த வேறுபாடு வெறும் நீளத்தோடு நிற்பதில்லை, காலத்தையும் நிர்ணயிக்கிறது. கருந்துளையைச் சுற்றும் வாயு ஒரு சுற்றை முடிக்கும் நேரம், அந்த வாயு அமைக்கும் வட்டில் எழும் கொந்தளிப்பு அடங்கும் நேரம், தாரையின் அடியில் ஒரு கலக்கம் பரவும் நேரம் எல்லாமே நிறையோடு சேர்ந்து நீள்கின்றன. நிறை இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கும். அந்தக் கணக்கில் ஜிஆர்எஸ் 1915+105-இல் ஒரு நொடியில் நடந்து முடிவது எம்87-இல் நடக்கப் பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகும். ராஜசிம்ம பல்லவன் கடற்கரைக் கோயிலைக் கட்டி ஏறக்குறைய 1,300 ஆண்டுகள் ஆகின்றன. சின்னக் கருந்துளையின் கடிகாரத்தில் அது ஒன்றேகால் நிமிடம்.

ஒளியின் துடிப்பைக் கொண்டு அளவைக் கணிக்கும் வழக்கம் அறுபதுகளில் வேரூன்றியது. 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற பொருள் நம் திரளுக்கு வெகு அப்பால் இருப்பதைக் கண்டறிந்தார். அதே ஆண்டு ஹார்லன் ஸ்மித்தும் டாரிட் ஹாஃப்லைட்டும் ஹார்வர்டில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த பழைய ஒளிப்படத் தட்டுகளைப் புரட்டி, அந்தப் பொருளின் பிரகாசம் ஏறி இறங்குவதைக் காட்டினார்கள். இதன் பொருள் மிகப் பெரியது. ஒரு ஒளி நாள் குறுக்களவுள்ள பொருள் ஒரே மணி நேரத்தில் முழுதாக மங்க முடியாது. முன்புறம் மங்கிய செய்தி நம்மை முதலில் எட்டும், பின்புறத்தின் செய்தி ஒரு நாள் கழித்துத்தான் வரும். ஆகவே ஒளி எவ்வளவு சீக்கிரம் மாறுகிறதோ அந்த அளவுக்கு அது பிறக்கும் இடம் சின்னது. ஒரு திரளின் கோடானுகோடி விண்மீன்களையும் மிஞ்சும் வெளிச்சம் இவ்வளவு சின்ன இடத்திலிருந்து எப்படி வரும்? கருந்துளை என்ற கருத்தை வானியலாளர்கள் மெய்யாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியதற்கு இந்தக் கேள்வி பெரிய காரணம்.

ஜிஆர்எஸ் 1915+105-இன் கதை தமிழ்நாட்டுக் கரைக்கு வெகு அருகில் வருகிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகோடியில் பழவேற்காடு ஏரி. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1996 மார்ச் 21 அன்று அங்கிருந்து பிஎஸ்எல்வி-டி3 ராக்கெட் ஐஆர்எஸ்-பி3 என்ற தொலையுணர்வுச் செயற்கைக்கோளை ஏற்றிச் சென்றது. பூமியைப் பார்க்கப் போன அந்தக் கோளில் வானத்தைப் பார்க்கும் ஒரு சின்னக் கருவித் தொகுதியும் இருந்தது. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த எக்ஸ் கதிர் உணரிகள் அவை. பி.சி. அகர்வாலும் அவருடைய குழுவினரும் அவற்றை ஜிஆர்எஸ் 1915+105 பக்கம் திருப்பினார்கள்.

அப்போது அந்தப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டு நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1992 ஆகஸ்டில் ரஷ்யாவின் கிரனாட் விண்கலம் அதைக் கண்டது. 1994-இல் ஃபெலிக்ஸ் மிராபெலும் லூயிஸ் ரோட்ரிகஸும் ரேடியோ தொலைநோக்கியில் அதிலிருந்து இரண்டு தாரைத் துண்டுகள் எதிரெதிர்த் திசையில் பாய்வதைப் பார்த்தார்கள். ஒன்று ஒளியைவிட ஒன்றேகால் மடங்கு வேகத்தில் நகர்வதாகத் தோன்றியது. நம்மை நோக்கிச் சாய்ந்து, ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் பொருள் அப்படித் தோற்றம் தரும் என்று மார்ட்டின் ரீஸ் 1966-லேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். அதுவரை 3சி 273 போன்ற தொலைதூரக் குவேசார்களில் மட்டுமே பார்த்திருந்த இந்தக் காட்சி நம் திரளுக்குள்ளேயே கிடைத்தது முதன்முறையாக அங்கேதான். குட்டிக் குவேசார் என்று அதை அழைக்கத் தொடங்கினார்கள்.

1997 நடுவில் இந்திய உணரிகள் பதிவுசெய்தது இன்னும் வியப்பானது. எக்ஸ் கதிர் வெளிச்சம் மெல்ல ஏறி, உச்சியைத் தொட்டவுடன் சட்டென விழும், மறுபடி ஏறும், மறுபடி விழும். சில நாள்களில் இது முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை, ஏறக்குறைய ஒழுங்காக நடந்தது. வட்டின் உட்பகுதியில் வாயு சேரச் சேர வெளிச்சம் கூடுகிறது, பின் அந்தப் பகுதி காலியாகிறது, மறுபடி நிரம்புகிறது. வெளிச்சம் அவ்வளவு சட்டென விழுவது வாயு நிகழ்வு எல்லைக்குள் மறைவதன் அடையாளமாக இருக்கலாம் என்று அகர்வால், பிஸ்வஜித் பால், ஏ.ஆர். ராவ் உள்ளிட்ட குழுவினர் எழுதினார்கள். அமெரிக்காவின் ஆர்எக்ஸ்டிஇ விண்கலத் தரவுகளைக் கொண்டு தோமாசோ பெல்லோனியும் குழுவினரும் 2000-இல் இந்தப் பொருளின் துடிப்புகளைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்தார்கள். அந்த வகைகளில் ஒன்றின் வரைபடம் இதயத் துடிப்புப் பதிவைப் போலவே இருப்பதால் அந்தப் பெயரே நிலைத்தது.

முக்கால் நிமிட இதயத் துடிப்பை எம்87-இன் கடிகாரத்துக்கு மாற்றினால் ஒரு துடிப்புக்கு எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆகும். எந்த வானியலாளரும் அதை முழுதாகப் பார்த்து முடிக்க முடியாது. சின்னக் கருந்துளையின் அருமை இதுதான். பெரியதில் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்க வேண்டியதை அது ஒரு பிற்பகலில் நூறு முறை நடத்திக் காட்டுகிறது.

துடிப்புக்கும் தாரைக்கும் உள்ள தொடர்பும் இந்தப் பொருளில்தான் வெளிப்பட்டது. 1997 செப்டம்பர் 9 அன்று மூன்று அலைவரிசைகளிலும் ஒரே நேரத்தில் இதைக் கவனித்தார்கள். முதலில் எக்ஸ் கதிர் மங்கியது. பிறகு அகச்சிவப்பு எழுந்தது. அதற்கும் பிறகு ரேடியோ. வட்டின் உட்பகுதி காலியானதும் வாயுவின் ஒரு பங்கு தாரையாக வெளியேறி, விரிந்து, குளிர்ந்து, முதலில் குறுகிய அலையிலும் பின்பு நீண்ட அலையிலும் ஒளிர்ந்ததை அந்த வரிசை சொல்லியது. மிராபெல் குழுவினர் இதை 1998-இல் வெளியிட்டார்கள்.

அப்படியானால் பெரிய கருந்துளையிலும் இதே வரிசை இருக்க வேண்டுமல்லவா? 2002-இல் ஆலன் மார்ஷரும் குழுவினரும் 3சி 120 என்ற திரளில் அதைக் காட்டினார்கள். அங்குள்ள கருந்துளையின் நிறை சில கோடி சூரியன்கள். எக்ஸ் கதிர் மங்கும். சில வாரங்கள் கழித்துத் தாரையில் ஒரு புதிய ஒளிப்பொட்டு கிளம்பும். சராசரியாகப் பத்து மாதத்துக்கு ஒரு முறை இது நடந்தது. ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும்: வரிசை அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் கால அளவுகள் நிறைக் கணக்கோடு அப்படியே பொருந்துவதில்லை. வட்டில் எந்தப் பகுதி காலியாகிறது, எவ்வளவு வேகமாக வாயு உள்ளே விழுகிறது என்பவையும் நேரத்தை மாற்றும். 2006-இல் இயன் மெக்ஹார்டி குழுவினர் எக்ஸ் கதிர்த் துடிப்புகளைச் சிறிய, பெரிய கருந்துளைகளில் ஒப்பிட்டு, நிறையோடு வாயு விழும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்பதைக் காட்டினார்கள். கடிகாரம் சரிதான். அதற்கு இரண்டு முள்கள்.

இந்தக் கடிகாரத்தை உலகமே படமாகப் பார்த்தது. நிகழ்வு எல்லைத் தொலைநோக்கிக் கூட்டமைப்பு 2019 ஏப்ரல் 10 அன்று எம்87 கருந்துளையின் நிழலை வெளியிட்டது. பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் 2022 மே 12 அன்றுதான் வந்தது. இரண்டையும் படமெடுத்தது 2017 ஏப்ரலில், ஒரே வாரத்தில். பிறகு ஏன் மூன்றாண்டு இடைவெளி? எம்87-ஐச் சுற்ற வாயுவுக்கு நாள்கள், வாரங்கள் ஆகின்றன. ஓர் இரவு முழுக்கப் பார்த்தாலும் காட்சி அசையாது. 40 லட்சம் சூரிய நிறை மட்டுமே உள்ள நம் திரளின் கருந்துளையைச் சுற்ற வாயுவுக்குச் சில நிமிடங்கள் போதும். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே காட்சி மாறிவிட்டது. அந்த அசைவைக் கணக்கில் எடுத்துச் சராசரிப் படம் செய்யப் புதிய கணித முறைகள் தேவைப்பட்டன.

செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே இந்தக் கடிகாரத்தோடு வேலைசெய்பவர்கள் இருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தில் கே.ஜி. அருணும் அவருடைய குழுவினரும் ஈர்ப்பலைகளை ஆராய்கிறார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் பிடித்த முதல் ஈர்ப்பலையை 2016 பிப்ரவரியில் அறிவித்த கூட்டமைப்பில் இந்த நிறுவனமும் உண்டு. 36, 29 சூரிய நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் இணைந்தபோது அலையின் அதிர்வெண் நொடிக்கு 35-இலிருந்து 250 வரை ஏறியது. காலம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. நிறையைச் சொன்னதே அந்த அதிர்வெண்தான். அந்த இணைவில் தாரையைக் காட்டும் ஒளி எதுவும் உறுதியாகக் கிடைக்கவில்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது நிலைமை வேறு. ஈர்ப்பலை அடங்கி 1.7 நொடியில் காமா கதிர் வெடிப்பு வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு தாரை பாய்வதை மாதக்கணக்கில் ரேடியோவில் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டரை, மூன்று சூரிய நிறையில் ஒரு தாரை!

தாரை எங்கிருந்து ஒளிர ஆரம்பிக்கிறது என்பதையும் துடிப்பு சொல்லும். வி404 சிக்னி என்ற கருந்துளைக்கு 9 சூரிய நிறை. 7,800 ஒளி ஆண்டு தூரம். 26 ஆண்டுகள் அடங்கிக் கிடந்துவிட்டு 2015 ஜூனில் வெடித்தது. அந்த நாள்களில் அதன் சாதாரண ஒளி நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கியதை அமெச்சூர் வானியலாளர்களே தங்கள் தொலைநோக்கிகளில் பார்த்தார்கள். சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் போஷக் காந்தி தலைமையில் ஒரு குழு எக்ஸ் கதிரையும் ஒளியையும் ஒரே நேரத்தில் மிக வேகமாகப் பதிவுசெய்தது. எக்ஸ் கதிர் மின்னியதற்கும் ஒளி மின்னியதற்கும் இடையில் பத்தில் ஒரு நொடி தாமதம். அந்த நேரத்தில் ஒளி கடப்பது 30,000 கிலோமீட்டர். தாரையின் அடிக்கும் அது பளிச்சிடத் தொடங்கும் இடத்துக்கும் உள்ள தூரம் அதற்குள்தான் இருக்க வேண்டும். எந்தத் தொலைநோக்கியாலும் பிரித்துப் பார்க்க முடியாத ஓர் இடைவெளியை ஒரு கடிகாரம் அளந்துவிட்டது.

இதுவரை எல்லாம் ஒழுங்காகப் போகிறது. பெரியது மெதுவாக, சிறியது வேகமாக. ஆனால் தாரை நம் முகத்துக்கு நேராகத் திரும்பும்போது இந்த ஒழுங்கு உடைகிறது. நம்மை நோக்கித் தாரை நீட்டும் குவேசார் வகைகளைப் பிளேசார் என்கிறார்கள். இவற்றின் துடிப்பு வட்டிலிருந்து வருகிறதா, தாரையிலிருந்தா என்ற கேள்விக்கு விடை தேடிய நல்ல இந்திய ஆய்வு ஒன்று உண்டு. 1990-களின் இறுதியிலும் அதற்குப் பின்னும் கோபால்-கிருஷ்ணா, சி.எஸ். ஸ்டாலின், ராம் சாகர், பால் விட்டா ஆகியோர் நைனிடாலின் 104 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் இரவு முழுக்க ஒவ்வொரு குவேசாராக உட்கார்ந்து பார்த்தார்கள். தாரை நம்மை நோக்கியிருப்பவை ஒரே இரவுக்குள் அடிக்கடி மாறின. வலுவான தாரை இல்லாதவை அரிதாகவே, அதுவும் சிறிதளவே மாறின. பெரிய கருவி எதுவும் இல்லாமல், பொறுமையை மட்டும் நம்பிச் செய்த இத்தகைய வேலைக்கு அறிவியலில் உரிய பெயர் கிடைப்பதில்லை என்பது வருத்தமே. இரவுக்குள் மாறும் ஒளி பெரும்பாலும் தாரையுடையது என்பதற்கு அந்த ஆய்வு வலுவான சான்று.

2006 ஜூலை 28 அன்று நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள் பிகேஎஸ் 2155-304 என்ற பிளேசாரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதன் கருந்துளை சுமார் 100 கோடி சூரிய நிறை. அப்படிப்பட்ட கருந்துளையின் ஆரத்தைக் கடக்கவே ஒளிக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் அன்று காமா கதிர் வெளிச்சம் இருநூறு நொடிகளில் இரட்டித்தது. மூன்று நிமிடம் சொச்சம்!

இதற்கு முதல் விளக்கம் வேகம். ஒளி வேகத்தில் 99.5 சதவீதத்தில் நம்மை நோக்கிப் பாயும் வாயு, தான் உமிழ்ந்த ஒளியையே கிட்டத்தட்டத் துரத்திக்கொண்டு வருகிறது. அதனால் அங்கே இருபது நிமிடத்தில் நடந்தது இங்கே ஒரு நிமிடத்துக்குள் வந்து சேரும். வெளிச்சமும் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகும். பிகேஎஸ் 2155-304-க்கு இந்த வேகமும் போதவில்லை. இன்னும் பல மடங்கு சுருக்கம் தேவைப்பட்டது. ஆகவே முழுத் தாரையும் மின்னவில்லை, அதற்குள் ஏதோ மிகச் சின்ன இடம் மின்னியது என்ற கருத்து எழுந்தது. 2009-இல் டிமிட்ரியோஸ் கியானியோஸும் கூட்டாளிகளும் தாரைக்குள் தாரை என்ற மாதிரியை முன்வைத்தார்கள். தாரைக்குள் முறுக்கிக் கிடக்கும் காந்தப் புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது, தாரையோடு ஒப்பிட்டாலே மிக வேகமான சின்னப் பிளாஸ்மாக் கட்டிகள் தெறிக்கின்றன. சூரியனின் தீச்சுடர்களுக்குக் காரணமும் இதே காந்த மறுஇணைப்புதான். அந்தக் கட்டிகளுக்குக் கருந்துளையின் நிறை தெரியாது. அவற்றின் கடிகாரம் அவற்றின் அளவைப் பொறுத்தது.

விஷயம் இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. 2012 நவம்பர் 12 இரவு, லா பால்மா தீவிலுள்ள மேஜிக் தொலைநோக்கிகள் பெர்சியஸ் திரள்கூட்டத்தில் ஐசி 310 என்ற திரளில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவான வெளிச்ச ஏற்றத்தைப் பதிவுசெய்தன. அதன் கருந்துளைக்குச் சுமார் 30 கோடி சூரிய நிறை. அதை ஒளி கடக்கக் குறைந்தது இருபது நிமிடம் வேண்டும். அந்தத் தாரை நம்மை நேராக நோக்கவும் இல்லை. பத்து, இருபது பாகை சாய்ந்திருக்கிறது. வேகத்தைக் காரணம் காட்டித் தப்ப வழி குறைவு. கருந்துளையின் துருவத்துக்கு அருகில், காந்தப் புலத்தில் ஏற்படும் மின் இடைவெளியில் துகள்கள் உந்தப்படலாம் என்று 2014-இல் அந்தக் குழு முன்மொழிந்தது. எல்லோரும் இன்னும் ஒப்புக்கொண்ட விடை இல்லை. மாறாக எம்87 நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறது: அதன் தாரை நம்மிடமிருந்து ஏறக்குறைய 17 பாகை விலகியிருக்கிறது, அதன் காமா கதிர் வெளிச்சம் நாள் கணக்கில் மாறுகிறது. 650 கோடி சூரிய நிறைக்கு எதிர்பார்க்கும் அதே கால அளவு.

இப்படிப்பட்ட காமா கதிரைத் தரையிலிருந்து பார்க்கும் முறைக்கும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் கல்பாக்கத்துக்கும் ஓர் உறவு உண்டு. அணு உலையிலிருந்து எடுத்த எரிபொருளை நீர்த்தொட்டியில் வைக்கும்போது நீர் நீலமாக ஒளிரும். நீருக்குள் ஒளி செல்லும் வேகத்தைவிட எலெக்ட்ரான் வேகமாகப் பாய்வதால் வரும் செரன்கோவ் ஒளி அது. உயர் ஆற்றல் காமா கதிர் பூமியின் காற்றில் மோதும்போதும் துகள் மழை பொழிந்து, அதே நீல ஒளி, ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்கு மின்னுகிறது. அதைப் பிடிக்க லடாக்கின் ஹான்லேயில், 4,300 மீட்டர் உயரத்தில், மேஸ் என்ற தொலைநோக்கி நிற்கிறது. விட்டம் 21 மீட்டர். கல்பாக்கம் நிலையங்களை நடத்தும் அதே அணுசக்தித் துறையின் பாபா அணு ஆராய்ச்சி மையம் அதைக் கட்டியது. 2024 அக்டோபரில் முறைப்படி திறந்தார்கள். அதற்கு முன்பே, 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும், பெர்சியஸ் கூட்டத்தின் நடுத் திரளான என்ஜிசி 1275 காமா கதிரில் பொங்கியதை மேஸ் பிடித்தது. ஐசி 310 இருப்பதும் அதே கூட்டத்தில்.

பிளேசார்களில் துடிப்பைக் கொண்டு நிறையை அளப்பது எவ்வளவு சிக்கல் என்பதற்கு ஓஜே 287 நல்ல சான்று. கடக ராசியில், பூச நட்சத்திரக் கூட்டத்துக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. அதன் ஒளி நம்மை வந்தடைய சுமார் 350 கோடி ஆண்டு ஆகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஒளிப்படத் தட்டுகளில் பதிவாகிவரும் இந்தப் பொருள் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரட்டை வெடிப்பாகப் பொங்குகிறது. ஃபின்லாந்தின் மௌரி வால்டோனென் முன்வைத்த விளக்கப்படி அங்கே இரண்டு கருந்துளைகள். சிறியது பெரியதன் வட்டைக் கிழித்துக்கொண்டு போகும்போதெல்லாம் வெடிப்பு. மும்பையில் ஏ. கோபகுமாரும் லங்கேஸ்வர் தேயும் சார்பியல் கணக்கை நுணுக்கமாகப் போட்டு, 2019 ஜூலை 31 அன்று ஒரு வெடிப்பு என்று நேரமே குறித்தார்கள். பூமியிலிருந்து பார்த்தால் அப்போது ஓஜே 287 சூரியனுக்கு அருகில். விண்வெளியிலிருந்த ஸ்பிட்சர் தொலைநோக்கி பார்த்தது. கணித்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் வெடிப்பு வந்தது. இந்தக் கணக்கில் பெரிய கருந்துளைக்கு 1,800 கோடி சூரிய நிறை. ஆனால் இதே மாதிரிப்படி 2022 அக்டோபரில் எதிர்பார்த்த வெடிப்பைக் காணோம் என்கிறார் ஸ்டெஃபனி கொமோசா. அவருடைய குழுவின் கணிப்பில் நிறை வெறும் 10 கோடி. இரண்டுக்கும் 180 மடங்கு வித்தியாசம். வேறு பொருளாக இருந்தால் துடிப்பைப் பார்த்து யார் சரி என்று சொல்லிவிடலாம். இங்கே தாரை நம்மை நோக்கி நிற்பதால் கடிகாரமே சுருங்கித் தெரிகிறது.

இந்தச் சிக்கலைப் பிரிக்க வேண்டுமானால் ஒரே பொருளை எல்லா அலைவரிசையிலும், விடாமல் பார்க்க வேண்டும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட் அதற்கென்றே கட்டப்பட்டது. அதன் எக்ஸ் கதிர் உணரி ஒன்று ஒவ்வொரு கதிரின் வருகையையும் ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் குறிக்கும். ஜிஆர்எஸ் 1915+105 நொடிக்கு 67 முறைக்கு மேல் துடிக்கும் விரைவான அதிர்வை அது பதிவுசெய்திருக்கிறது. அதே துடிப்பை எம்87-இன் கடிகாரத்தில் எண்ணினால் ஒன்றுக்கு மூன்று மாதம். 2024 புத்தாண்டு அன்று கிளம்பிய எக்ஸ்போசாட் எக்ஸ் கதிரின் முனைவாக்கத்தை அளக்கிறது. தாரையில் காந்தப் புலம் ஒழுங்காக நிற்கிறதா, கலைந்து கிடக்கிறதா என்பதைச் சொல்லக்கூடியது அந்த அளவுதான். தரையில், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் மாமல்லபுரத்துக்குக் கிட்டத்தட்ட நேர் மேற்கே, அதே அட்சரேகையில் இருக்கிறது. ஹான்லேயும் காவலூரும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில்.

அந்தத் தீர்க்கரேகைக்கு மதிப்பு அதிகம். இந்தியாவில் இரவு எட்டு மணி ஆகும்போது லா பால்மாவில் உச்சி வெயில். நமீபியாவில் மாலை நாலரை. சூரியன் இன்னும் மறையவில்லை. அமெரிக்காவின் அரிஸோனாவில், வெரிட்டாஸ் தொலைநோக்கிகள் நிற்கும் மலையடிவாரத்தில், காலை விடிந்து வெளிச்சம் பரவிவிட்டது. ஐந்து நிமிடமே நீடிக்கும் ஒரு வெடிப்பு அந்த நேரத்தில் நடந்தால் இந்த மூன்று இடங்களிலிருந்தும் அதைப் பார்க்க வழியில்லை. ஹான்லேயில் அப்போதுதான் இருட்டிக்கொண்டிருக்கும்.